எழுபத்து மூன்றாவது சொல்

சொல்லுக்குப் பதினோரு ரூபாய்.
அகராதிக் கம்பெனி பத்தாம் தேதி போடும்,
சில மாதம் போடாது.
போன செவ்வாய் வந்த கட்டில்
எழுபத்து மூன்றாவது சொல்: போர்.
ஆங்கிலம். கொச்சை. பொருளும் பிறப்பும் தருக.

அன்று இரவுதான் திருவெண்காட்டில்
பின்வீட்டு அகோரம் கொல்லையில்
திருச்செங்கோட்டு லாரி வந்து நின்றது.
ராடு இறங்க இறங்க
என் மேசையில் டம்ளர் நகர்ந்தது.
தூங்க முடியாதவள் வேலை பார்க்கலாம்.

அலுப்பு என்று எழுதினேன். அடித்தேன்.
அலுப்பு உடம்புக்கு, நடவு முடித்த இடுப்புக்கு.
சலிப்பு என்று எழுதினேன்.
சலித்தால் மாவு இறங்கும், கப்பி தங்கும்,
ஏதோ ஒன்று மிஞ்சும்.
இதில் என்ன மிஞ்சுகிறது?

பிறப்பு: தெரியாது.
சீமையின் பெரிய அகராதிக்காரர்களே கையை விரித்துவிட்டார்கள்.
ஆயிரத்து எழுநூற்று அறுபதுகளில்
லண்டன் கனவான்களின் கடிதங்களில்
பாசி படர்கிற மாதிரி வந்திருக்கிறது.
முதலில் பிரெஞ்சுக்காரன் தலையில் கட்டினார்களாம்.
அவனுக்கு அந்தச் சொல்லே தெரியாது.
காரைக்கால் இங்கிருந்து இரண்டு பஸ்தான்,
போய் விசாரித்தால் வேறு சரக்குதான் கிடைக்கும்.

துளைப்பதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார் ஒருவர்:
பேசிப் பேசியே மண்டையில் ஓட்டை போடுகிறவன்.
இன்னொருவர் சான்று கேட்கிறார்.
தரங்கம்பாடியில் கடலைப் பார்த்துக் கிடக்கும்
பீரங்கியின் குழலுக்கும் அதே சொல்தான்.
நான் பார்த்தபோது அதற்குள் ஒரு நண்டு இருந்தது.

கனவான்கள் அந்தச் சொல்லால் கொட்டாவி விட்டுப் பழகிய வருடங்களில்
அவர்கள் கும்பினிப் படை
தஞ்சாவூர்க் கோட்டையைச் சுற்றி நின்றது.
ஆக, இங்கேயும் இருந்தது போர்.
வேறு போர்.

இருநூற்று நாற்பது அடியில் தண்ணீர்.
அகோரம் விரலை நக்கிப் பார்த்தார்,
லாரிக்காரர் பொங்கியண்ணனையும் நக்கச் சொன்னார்.
உப்பு.
"இன்னொரு நூறு அடி ஓட்டிப் பாத்தரலாமுங்க."
ஓட்டினார்கள். பிட் கழன்று உள்ளே விழுந்தது.
வேறு பிட் ஈரோட்டிலிருந்து வரவேண்டும்.
இரண்டு நாள் லாரி சும்மா நின்றது.
செல்போனில் அவர் வீட்டுக்குப் பேசியது
சுவர் தாண்டிக் கேட்டது:
"போர் ஓட்டுனா போர் அடிக்காது புள்ள,
நிறுத்துனாத்தான் அடிக்குது."

பதினோரு ரூபாய் அப்போதே செரித்துவிட்டது.

அந்த 'அடிக்குது' அவர்களிடம் இல்லை.
ஆங்கிலத்தில் ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் செய்கிறான் அதை;
கைகாட்ட ஓர் ஆள் உண்டு.
நாம் சொல்லை வாங்கினோம், ஆளை விட்டுவிட்டோம்.
வெயில் அடிக்கிற மாதிரி,
கருவாட்டு வாடை அடிக்கிற மாதிரி
போர் அடிக்கிறது.
அடிப்பது யார்? எழுவாய் காலி.

களத்தில் நெல்லைப் பிரித்தவர்களும்
எழுத்துப் பிசகாமல் இதையேதான் சொன்னார்கள்:
போர் அடிக்கிறோம்.
அவர்களுக்குக் கை வலித்திருக்கும்,
ஒருநாளும் போர் அடித்திருக்காது
என்று அழகாக ஒரு வரி வந்தது. கிழித்துவிட்டேன்.
ஒரே அசைவை விடியலிலிருந்து இருட்டும்வரை செய்தவர்களுக்குள்
என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?
அதற்குப் பெயர் கேட்டு
எந்தக் கனவானும் அவர்களுக்குக் கடிதம் போடவில்லை.

நாலு போருக்கும் எடுத்துக்காட்டு எழுதி அனுப்பினேன்.
சென்னையிலிருந்து நப்பின்னை மேடம் பதில்:
களத்தையும் சண்டையையும் எடுத்துவிடுங்கள்,
அவை தமிழ், அதற்குக் காசு இல்லை.
எடுத்துவிட்டேன்.

முந்நூற்று முப்பதிலும் உப்புதான்.
லாரி விடியுமுன்னே கிளம்பியது,
முருங்கைக் கிளை ஒன்றை முறித்துக்கொண்டு.
அகோரம் குழாய் வாயில் சாக்கைக் கட்டி
மேலே அம்மியைப் புரட்டி வைத்தார்,
பிள்ளைகள் ஓடுகிற இடம்.
கட்டுவதற்கு முன் ஒருதரம் குனிந்து
"ஓய்" என்றார் உள்ளே.
சுவரோரம் நின்று நானும் காது கொடுத்தேன்.

எழுபத்து நான்காவது சொல்: பாஸ்.
டச்சுக்காரன் கொடுத்தது. பிறப்பு தெரியும்.
அரை மணியில் முடிந்தது.